வெட்டத் தெரிந்த கை

இதழியல் மாணவர்கள் பலரும் அலுத்துக்கொள்ளும் பாடம் எடிட்டிங்கும் பக்க வடிவமைப்பும். அச்செழுத்தின் வரலாறு தெருவுக்குத் தெரு கிடக்கும் கொல்கத்தாவிலிருந்து பார்த்தால், பத்திரிகையின் நேர்மைக்கே அங்கேதான் சோதனை நடக்கிறது என்பது புரியும்.

இதழியல் படிக்க வருகிற மாணவர்களில் சப்-எடிட்டர் ஆகும் கனவோடு வருகிறவர்கள் மிகச் சிலரே. மைக் பிடிப்பது, போர்முனைக்குப் போவது, அமைச்சரை மடக்கிக் கேள்வி கேட்பது என்றுதான் கனவுகள் ஓடுகின்றன. ஆனால் வகுப்பில் கைக்கு வந்து சேர்வதோ யாரோ எழுதிய 600 வார்த்தைச் செய்தி ஒன்று. அதை 250 வார்த்தைக்குள் கொண்டுவர வேண்டும். இரண்டு பத்தி அகலத்துக்குத் தலைப்புப் போட வேண்டும். படத்துக்கு இடம் விட்டு, பக்கத்தை வரைந்து காட்ட வேண்டும். பார்த்தால் தையற்கடை வேலை போலிருக்கும். துணியைக் கெடுக்காமல் வெட்டுவது எவ்வளவு கடினம் என்பது வெட்ட ஆரம்பித்த பிறகுதான் தெரியும்.

தெற்குக் கொல்கத்தாவில் ராஷ்பிகாரி அவென்யூவை ஒட்டிய லேக் மார்க்கெட் பகுதியில் இந்தப் பாடத்துக்குத் தனி அர்த்தம் உண்டு. வாழையிலை, முருங்கைக்காய், மல்லிகைச் சரம், காப்பிப் பொடி என்று தமிழர்களுக்கு வேண்டியதெல்லாம் கிடைக்கும் இடம் இது. பழைய சந்தைக் கட்டடம் இருந்த இடத்தில் இப்போது வணிக வளாகம் நிற்கிறது. ஆனால் பூக்கடைகளும் இட்லிக் கடைகளும் வட்டாரத்தை விட்டுப் போய்விடவில்லை. பிரிட்டிஷ் கம்பெனிகளிலும் ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலை தேடி இங்கே வந்த பழைய தலைமுறைத் தமிழர்களில் பலருக்கு மூலதனம் இரண்டு: சுருக்கெழுத்து, தட்டச்சு. துரை சொல்வதைக் குறித்துக்கொண்டு பிழையில்லாமல் அடித்துக் கொடுப்பார் என்பதே ‘மதராஸி’ ஸ்டெனோவுக்கு அன்று இருந்த பெயர்.

அந்தக் குடும்பங்களிலிருந்து இன்று ஒரு பேத்தியோ பேரனோ இதழியல் படிக்கப் போனால், அவர் உட்காருவதும் ஒரு விசைப்பலகை முன்னால்தான். ஆனால் வேலை தலைகீழ். பிறர் சொன்னதைச் சொன்னபடி அடிப்பது தாத்தாவின் தொழில் தர்மம். பிறர் சொன்னது சரிதானா என்று கேட்பது எடிட்டிங் மாணவரின் தர்மம்.

கணக்கும் கத்தரியும்

ஒரு மாதிரிப் பயிற்சியை எடுத்துக்கொள்ளலாம். ராஷ்பிகாரி அவென்யூவில் மழைநீர் தேங்கியது பற்றிய செய்தி. முதல் பத்தியில் காயமடைந்தவர்கள் ஏழு பேர் என்கிறது. கீழே பெயர்ப் பட்டியலை எண்ணினால் ஆறுதான். ஒரே அதிகாரியின் பெயர் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வருகிறது. சாக்கடை தூர் வாரப்படவில்லை என்று குடியிருப்போர் சொல்லும் புகார் மேலே இருக்கிறது. மாநகராட்சியின் பதில் கடைசிப் பத்தியில் ஒதுங்கி நிற்கிறது.

முக்கியமானதை முதலில் சொல்லி, முக்கியம் குறைந்ததைக் கீழே தள்ளுவது செய்தி எழுதுவதில் பழைய விதி. தலைகீழ்ப் பிரமிடு என்று பெயர். இதில் ஒரு வசதி உண்டு. இடம் போதவில்லை என்றால் கீழேயிருந்து வெட்டிக்கொண்டே வரலாம். அவசரக்கார மாணவர் அப்படித்தான் செய்கிறார். 250 வார்த்தை கணக்காக வந்துவிடுகிறது. மாநகராட்சியின் பதில் குப்பைக்கூடைக்குப் போய்விடுகிறது. புகார் மட்டும் அச்சாகிறது. செய்தியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது ஒருதலைப்பட்சமாகிவிட்டது. அதைச் செய்தது நிருபர் அல்ல, கத்தரி.

எடிட்டிங் பாடத்தின் முதல் தெளிவு இதுதான். எங்கே வெட்டினாலும் அது ஒரு தீர்ப்பு. எனவே மாணவர் முதலில் எண்களைக் கூட்டிப் பார்க்கிறார். பெயர்களைச் சரிபார்க்கிறார். யார் மீது குற்றம் சொல்லப்படுகிறதோ அவருடைய பதிலை மேலே கொண்டுவருகிறார். அடைமொழிகளையும் கூறியது கூறலையும் களைகிறார். இதையெல்லாம் முடித்த பிறகு வார்த்தைகளை எண்ணினால், பெரும்பாலும் 250க்குப் பக்கத்தில் வந்திருக்கும்.

அடுத்தது பக்கம். இங்கே அளவுகள் பழைய அச்சுக்கூடத்திலிருந்து வந்தவை. 12 பாயின்ட் ஒரு பைகா, 6 பைகா ஒரு அங்குலம். வெற்றுத் தாளில் பத்திகளுக்குக் கோடு போட்டு, எந்தச் செய்தி எங்கே, எந்தப் படம் எவ்வளவு அகலம் என்று குறிக்கும் வரைபடத்துக்கு டம்மி என்று பெயர். கம்ப்யூட்டர் திரையில் எல்லாவற்றையும் இழுத்துப் போடலாம் என்றாலும், முதலில் பென்சிலால் டம்மி போடச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. பென்சில் பிடித்தவர் முதலில் யோசிக்கிறார், பிறகு வரைகிறார். மவுஸ் பிடித்தவர் முதலில் இழுத்துவிட்டுப் பிறகு யோசிக்கிறார்.

டம்மியிலும் அறம் உண்டு. ‘கொள்ளைக் கும்பல் கைது’ என்ற தலைப்பை ஒட்டி, சம்பந்தமே இல்லாத ஆண்டு விழாப் படம் வந்து உட்கார்ந்தால், மேடையில் மாலையோடு நிற்பவர்கள் கொள்ளையர்கள் ஆகிவிடுவார்கள். இரண்டு செய்தியிலும் ஓர் எழுத்துப் பிழைகூட இருக்காது. பக்கம் மட்டும் பொய் சொல்லும்.

தமிழில் தலைப்புப் போடுவது

ஆங்கிலப் பாடப் புத்தகங்களில் தலைப்பை எண்ணுவதற்கு ஒரு வாய்பாடு இருக்கிறது. சாதாரண எழுத்து ஒன்று, ‘எம்’ போன்ற அகல எழுத்து ஒன்றரை, ‘ஐ’ போன்ற ஒல்லி எழுத்து அரை. கூட்டினால் தலைப்பு பத்திக்குள் அடங்குமா என்று தெரிந்துவிடும். உச்ச நீதிமன்றத்தை இரண்டே எழுத்தில் முடித்துக்கொள்ளலாம், முதலமைச்சரையும் அப்படியே.

தமிழுக்கு அந்தச் சட்டை பொருந்தாது. முதலமைச்சரை ‘முதல்வர்’ ஆக்கலாம். வேலைவாய்ப்பு அலுவலகத்தை என்ன செய்வது? தமிழில் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருவதால் ஒரு சொல்லே பத்தியின் பாதி அகலத்தை விழுங்கிவிடும். வரி முடிவில் சொல்லை உடைக்க வேண்டி வந்தால் அடுத்த வரி புள்ளி வைத்த எழுத்தில் தொடங்கக் கூடாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வித்தியாசமும் கிடையாது. எனவே முக்கியத்துவம் காட்ட எழுத்தின் தடிமனையும் அளவையும்தான் நம்ப வேண்டும்.

இடம் போதாதபோது முதலில் பலியாவது உருபு. அங்கேதான் ஆபத்து. ‘மாணவர் தாக்குதல்: 3 பேர் கைது’ என்று ஒரு தலைப்பு. மாணவர் தாக்கினாரா, தாக்கப்பட்டாரா? ‘மீது’ என்ற ஒரே சொல்லைச் சேர்த்தால் குழப்பம் தீரும். ஆனால் வரி நிரம்பிவிட்டது. அப்போது எழுத்தைச் சிறிதாக்குவதா, தலைப்பை மாற்றி எழுதுவதா, பக்கத்தையே மாற்றுவதா? எடிட்டிங் பாடமும் வடிவமைப்புப் பாடமும் ஒன்றாகிவிடும் இடம் இது. தலைப்பை மட்டும் படித்துவிட்டு நகரும் வாசகருக்கு, குற்றவாளி யார் என்பதை அந்த ஒரு சொல்தான் தீர்மானிக்கிறது.

இடமும் நேரமும் உண்மையை எப்படி நெருக்கும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் 1948ல் நடந்தது. அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ட்யூயி ட்ரூமனைத் தோற்கடித்தார் என்று ‘சிகாகோ ட்ரிப்யூன்’ கொட்டை எழுத்தில் போட்டது. ஜெயித்தது ட்ரூமன். அந்தப் பத்திரிகையை அவரே உயர்த்திப் பிடித்துச் சிரிக்கும் படம் பிரபலமானது. தவறுக்குக் காரணம் கணிப்பு மட்டுமல்ல. அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்ததால் பக்கத்தை வழக்கத்தைவிட முன்னதாகவே முடிக்க வேண்டியிருந்தது. வாக்கு எண்ணிக்கைக்காகப் பக்கம் காத்திருக்கவில்லை.

அச்செழுத்து ஊர்

இந்தப் பாடத்தைப் படிக்க இந்தியாவில் கொல்கத்தாவைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம். நாட்டின் முதல் செய்திப் பத்திரிகையான ஹிக்கியின் ‘பெங்கால் கெஜட்’ 1780 ஜனவரி 29ம் தேதி இங்கேதான் வெளிவந்தது. வாரன் ஹேஸ்டிங்ஸை விட்டுவைக்காத ஹிக்கி சிறைக்குப் போனார். 1782ல் அச்சகமும் பறிபோனது. ‘பெங்கால் கெஜட்’ வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1778ல், ஹூக்ளியில் ஹால்ஹெட்டின் வங்காள இலக்கண நூல் அச்சானது. அதற்கான வங்காள எழுத்துகளைச் சார்லஸ் வில்கின்ஸும் பஞ்சானன் கர்மகார் என்ற கைவினைஞரும் உருவாக்கினார்கள். தமிழ் மாணவர் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது 1578ல். வங்காளத்துக்குச் சரியாக 200 ஆண்டு முன்பு.

ஈசுவர சந்திர வித்யாசாகரை விதவை மறுமணத்துக்காகத்தான் நாடு நினைவில் வைத்திருக்கிறது. அவர் சொந்தமாக அச்சகம் நடத்தியவர். 1855ல் வந்த ‘வர்ண பரிசய’த்தில் வங்காள நெடுங்கணக்கைச் சீரமைத்தார். அச்சுக்கோர்ப்பவரின் கை எளிதாக எட்டும்படி எழுத்துப் பெட்டியின் அடுக்கு முறையையும் மாற்றினார். 1935ல் ‘ஆனந்த பஜார் பத்ரிகா’வின் சுரேஷ் சந்திர மஜும்தார் வங்காள எழுத்தை லினோடைப் இயந்திரத்துக்குள் கொண்டுவந்தார். நூற்றுக்கணக்கான கூட்டெழுத்துகளைக் குறைத்தால்தான் அது முடிந்தது.

மூன்று தலைமுறையாக இந்தப் பாடத்தைப் படித்த குடும்பம் ஒன்றும் இங்கே இருந்தது. உபேந்திரகிஷோர் ராய் சவுத்ரி படங்களைப் புள்ளிகளாக மாற்றி அச்சிடும் ஹாஃப்டோன் முறையில் முன்னோடி. 1913ல் ‘சந்தேஷ்’ என்ற சிறுவர் இதழைத் தொடங்கினார். அவர் மகன் சுகுமார் ராய் 1911ல் இங்கிலாந்து போனார். பாரிஸ்டர் ஆவதற்கல்ல, பட அச்சுக் கலையும் லித்தோகிராஃபியும் படிப்பதற்கு. திரும்பி வந்து, எழுதி, வரைந்து, பத்திரிகையும் நடத்தினார்.

சுகுமாரின் மகன் சத்யஜித் ராய், சாந்திநிகேதனில் ஓவியப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, 1943ல் மாதம் 80 ரூபாய்க்கு ஒரு விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தார். சிக்னெட் பிரஸ்ஸுக்காகப் புத்தக அட்டைகள் வடிவமைத்தார். சினிமாவில் உலகப் புகழ் பெற்ற பிறகும் எழுத்துருவை விடவில்லை. ‘ராய் ரோமன்’ என்ற ஆங்கில எழுத்துரு அவருடையது. 1961ல் தாத்தாவின் ‘சந்தேஷ்’ இதழை மறுபடி தொடங்கினார். கதை எழுதினார், படம் வரைந்தார், அட்டை வடிவமைத்தார். துப்பறியும் ஃபெலுடா 1965ல் அந்த இதழில்தான் பிறந்தார். அப்போது ராயின் வீடு லேக் டெம்பிள் ரோட்டில். லேக் மார்க்கெட்டிலிருந்து நடந்து போகிற தூரம். எடிட்டிங் ஒருவர், வடிவமைப்பு இன்னொருவர் என்று பிரித்துப் பார்க்கத் தேவையில்லை என்பதற்கு இதைவிட அருகில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஆங்கில நாளிதழ்களும் பின்தங்கவில்லை. 1982 ஜூலையில் ‘தி டெலிகிராஃப்’ தொடங்கியபோது அதன் பக்கங்களை வடிவமைத்தவர் லண்டன் ‘சண்டே டைம்ஸ்’ பத்திரிகையின் எட்வின் டெய்லர். வடிவமைப்பு என்பது கடைசி நிமிட அலங்காரம் அல்ல, பத்திரிகையின் கொள்கை என்பதை மற்ற ஆசிரியர்களும் கவனிக்கத் தொடங்கிய காலம் அது.

வகுப்பறைக்கு வந்த கதை

பத்திரிகைத் தொழிலைப் பள்ளியில் கற்றுக்கொடுக்க முடியுமா என்ற சந்தேகம் நூறு வருடமாக இருக்கிறது. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகம் 1908ல் இதழியல் பள்ளி தொடங்கிய கையோடு மாணவர்களை வைத்து ஒரு நிஜப் பத்திரிகையையே நடத்தியது. இந்தியாவில் அன்னி பெசன்ட் 1920வாக்கில் அடையாறில் ஒரு முயற்சி செய்தார். லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம் 1941லும் சென்னைப் பல்கலைக்கழகம் 1947லும் கல்கத்தா பல்கலைக்கழகம் 1950லும் இதழியல் பாடத்தைத் தொடங்கின.

மாணவர்களே செய்தி சேகரித்து, திருத்தி, பக்கம் அமைத்து வெளியிடும் ‘லேப் ஜர்னல்’ இன்றைக்கும் இந்தப் படிப்பின் முக்கியப் பயிற்சி. வாசகர்கள் கல்லூரி வளாகத்தைத் தாண்டமாட்டார்கள். ஆனால் பெயர் தப்பாக வந்த பேராசிரியர் அடுத்த நாள் எதிரே வருவார். பிழை என்றால் என்ன என்பதை அதைவிட நன்றாக எந்தப் பாடமும் சொல்லிக்கொடுக்காது.

தமிழ்ப் பத்திரிகைகளில் இந்தப் பாடம் பெரும்பாலும் டெஸ்கில்தான் நடந்தது. மூத்த துணை ஆசிரியர் இளையவரின் காப்பியைக் கிழித்து எறிவார். பிழை திருத்துபவர் சத்தமில்லாமல் சந்திப் பிழையைச் சுட்டுவார். 1942ல் ‘தந்தி’யைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், மக்கள் பேசும் எளிய தமிழில் எழுத வேண்டும் என்பதைத் தம் பத்திரிகையாளர்களுக்குக் கையேடு எழுதியே கற்பித்தார். பக்க வடிவமைப்போ அச்சுக்கோர்ப்பவரின் கைப் பழக்கமாக இருந்தது.

எழுத்தின் வடிவமே அச்சுக்கூடத்தின் நெருக்கடியால் மாறிய கதையும் தமிழில் உண்டு. பெரியார் 1935ல் ‘குடி அரசு’ இதழில் சில எழுத்துகளின் வடிவத்தைச் சீர்திருத்தி அச்சிடத் தொடங்கினார். ணா, றா, னா, லை, னை போன்றவற்றுக்கு இருந்த தனித்தனி உருவங்கள் போய், மற்ற எழுத்துகளைப் போலவே துணைக்காலும் இணைக் கொம்பும் வந்தன. அச்சுக்கோர்ப்பவரின் பெட்டியில் அறைகள் குறைந்தன. 1978ல் எம்.ஜி.ஆர். அரசு இதை ஏற்று ஆணையிட்டது. இன்று பள்ளிப் பிள்ளைகள் எழுதுவது அந்த வடிவத்தைத்தான்.

ஒரே நாற்காலி

1985ல் வந்த பேஜ்மேக்கர் மென்பொருள் உலகம் முழுவதும் அச்சுக்கூடத்தைக் கலைத்துப் போட்டது. அச்சுக்கோர்ப்பவர், காலி புரூப் எடுப்பவர், பிழை திருத்துபவர், பக்கம் ஒட்டுபவர் என்று வரிசையாக நின்ற ஆட்கள் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒரே நாற்காலி மிஞ்சியது. தமிழுக்கு இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. ஆளுக்கு ஒரு எழுத்துரு, ஆளுக்கு ஒரு குறியாக்கம். ஒரு அலுவலகத்தில் அடித்தது இன்னோர் அலுவலகத்தில் புரியாத கிறுக்கலாகத் திறந்தது. 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2010ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. குழப்பம் பெருமளவு குறைந்தாலும் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றும்போது ஒற்றும் கொம்பும் இடம் மாறுவது அச்சுத் துறையினர் நன்கறிந்த தலைவலி.

எழுத்துகள் வழியில் தொலைவதைக் கண்டுபிடிக்க முன்பு நான்கு ஜோடிக் கண்கள் இருந்தன. இப்போது இருப்பது ஒரு ஜோடி. அந்த ஒரு ஜோடிக்குத்தான் வகுப்பறையில் பயிற்சி கொடுக்க வேண்டியிருக்கிறது. எடிட்டிங் மாணவர் இன்று பழைய அச்சுக்கூடம் முழுவதையும் தன் தலைக்குள் வைத்திருக்க வேண்டும்.

லேக் மார்க்கெட்டுப் பிள்ளைக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். வகுப்பில் பெரும்பாலும் ஆங்கிலம், தெருவில் வங்காளம், வீட்டில் தமிழ். மூன்றாம் தலைமுறையில் தமிழ் பேசத் தெரிந்து, படிக்கத் தடுமாறுகிறவர்கள் உண்டு. அவருடைய பாடப் புத்தகத்தில் எழுத்து எண்ணும் வாய்பாடு ஆங்கிலத்துக்கு இருக்கிறது, உதாரணப் பக்கங்கள் லண்டனிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் வருகின்றன. உருபைத் தொலைக்காமல் தமிழ்த் தலைப்புப் போடுவது எப்படி, நீளச் சொற்களை ஒற்றைப் பத்திக்குள் அடக்குவது எப்படி என்பதை அவர் கற்க வேண்டுமென்றால் ஒரு தமிழ் டெஸ்குக்குத்தான் போக வேண்டும். டெஸ்குகளோ ஆள் குறைந்து சுருங்கிக்கொண்டிருக்கின்றன.

இதற்கிடையில் பக்கமே கைபேசித் திரையாகச் சுருங்கிவிட்டது. தலைப்பு நீளமானால் திரையே மூன்று புள்ளி வைத்து வெட்டிவிடுகிறது. 600 வார்த்தையை 250 ஆக்கித் தரச் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. நொடியில் சுருக்கித் தருகிறது, வாக்கியங்களும் வழவழப்பாக இருக்கின்றன. ஆனால் பட்டியலில் ஆறு பெயர்தானே இருக்கிறது, ஏழாவது ஆள் யார் என்று மாநகராட்சிக்கும் மருத்துவமனைக்கும் போன் போட்டுக் கேட்க வேண்டியது மனிதர்தான். ‘மீது’ விடுபட்டதால் தாக்கப்பட்டவர் தாக்கியவராகிவிட்டால், அடுத்த நாள் அலுவலக வாசலில் வந்து நிற்பவருக்குப் பதில் சொல்ல வேண்டியதும் அவர்தான். இடம் போதவில்லை என்ற சமாதானம் அந்த வாசலில் எடுபடாது.